சிறுதொழிலில் நிலைத்த புத்தாக்கமும் அந்நியத் தொழிலாளரின் கல்வி உரிமையும்: மலேசியச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

சிறுதொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மூலதனம், கடன், இயந்திரம், சந்தை ஆகியவற்றையே முன்னிறுத்துவர். தொழிலாளர் உரிமையைப் பற்றிப் பேசுவோர் ஊதியம், உறைவிடம், கடப்பிதழ் ஆகியவற்றை முன்னிறுத்துவர். இவ்விரு சாராரும் ஒரே அவையில் அமர்ந்து உரையாடுவது அரிது. ஆயின், ஐக்கிய நாட்டு நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட நிலைத்த மேம்பாட்டு இலக்குகளுள் எட்டாவதனை நோக்கும்பொழுது இரண்டும் ஓரிடத்தில் இணைந்திருப்பதைக் காண்கிறோம். அவ்விலக்கின் மூன்றாம் உட்கூறு சிறு, நடுத்தரத் தொழில்களின் வளர்ச்சியையும் புத்தாக்கத்தையும் ஊக்குவிக்கக் கோருகிறது. எட்டாம் உட்கூறு இடம்பெயர்ந்த தொழிலாளர் உள்ளிட்ட அனைவரின் உரிமைகளையும் காக்கக் கோருகிறது. இவற்றை இணைக்கும் பாலம் கல்வி என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். மலேசியச் சிறுதொழில்களில், குறிப்பாக இந்தியர் நடத்தும் தொழில்களில், இப்பாலம் எந்நிலையில் உள்ளது என்பதை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சொற்களும் பொருளும்

முதற்கண் சில சொற்களின் பொருள் எல்லையை வரையறுத்துக்கொள்வது நலம். புத்தாக்கம் என்பது புதிய பொருளைக் கண்டுபிடிப்பது மட்டுமன்று. பொருளியல் அறிஞர் சும்பீட்டர் புதிய பொருள், புதிய செய்முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் வாயில், புதிய அமைப்புமுறை என ஐவகையாக அதனைப் பகுத்தார். சிறுதொழில்களில் நிகழும் புத்தாக்கம் பெரும்பாலும் செய்முறையையும் அமைப்புமுறையையும் சார்ந்தது. ஒரு சமையற்கூடத்தில் எண்ணெயைப் பயன்படுத்தும் முறை மாறுவதும், ஒரு கடையில் கணக்கெழுதும் முறை மாறுவதும் புத்தாக்கமே. அம்மாற்றம் இயற்கை வளத்தை வீணாக்காமலும், பிறர் உழைப்பைச் சுரண்டாமலும், அதனைத் தொடங்கியவர் நீங்கிய பின்னரும் தொடர்வதாயின் அதனை நிலைத்த புத்தாக்கம் எனலாம்.

மலேசியாவில் சேவைத் துறையைப் பொறுத்தமட்டில், ஆண்டு விற்பனை 2 கோடி ரிங்கிட்டுக்கு மிகாமல் அல்லது முழுநேரப் பணியாளர் 75 பேருக்கு மிகாமல் உள்ளவை சிறு, நடுத்தரத் தொழில்கள் என 2014ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வரையறை கூறுகிறது. ஐவருக்கும் குறைவானோர் பணிபுரிவது குறுந்தொழில் எனப்படும். நாட்டின் வணிக நிறுவனங்களுள் மிகப் பெரும்பான்மை இவ்வரையறைக்குள் அடங்குவனவே.

கல்வி உரிமை என்னும் தொடர் மூன்று கூறுகளை உள்ளடக்கியது. தொழிலாளியின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் உரிமை ஒன்று. தொழிலாளி தம் தொழிலில் பயிற்சியும் சான்றும் பெறும் உரிமை மற்றொன்று. தாம் வாழும் நாட்டின் மொழியையும் சட்டத்தையும் தமக்குப் புரியும் மொழியின் வழி அறிந்துகொள்ளும் உரிமை மூன்றாவது. நம் விவாதங்களில் முதற்கூறு சிலவேளைகளில் பேசப்படுகிறது. ஏனைய இரண்டும் பேசப்படுவது குறைவு.

வரலாறு தரும் பாடம்

அந்நியத் தொழிலாளர் என்னும் சொல் இன்று நம் நாவில் எளிதாக வருகிறது. ஆயினும், மலாயாத் தமிழரின் வரலாறே அந்நியத் தொழிலாளரின் வரலாறுதான் என்பதை மறத்தற்கில்லை. சஞ்சிக்கூலி முறை 1910ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையின் வழி ஆள்சேர்த்தல் 1938ஆம் ஆண்டு இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுற்றது. இவ்விரு முறைகளின் வழி வந்தோரைத் தற்காலிக உழைப்பாளர் என்றே ஆட்சியாளரும் தோட்ட நிருவாகத்தினரும் கருதினர்.

அக்கருத்தின் நிழலிலேயே தோட்டப்பள்ளிகள் தோன்றின. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின்மீது சுமத்தியது. சட்டம் வந்தது, பள்ளியும் வந்தது. ஆனால் அப்பள்ளியைத் தோட்டத்தின் செலவினமாகவே நிருவாகம் கருதியது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியர் பணியையும் சேர்த்துப் பார்த்தனர். தொடக்க வகுப்புகளைத் தாண்டிச் செல்லும் வாயில் மிகக் குறுகியதாக இருந்தது. பால்மரத்தை நம்பியவரின் பிள்ளை பால்மரத்திற்கே திரும்பும் நிலையை அக்கல்வியால் பெரிதும் மாற்ற இயலவில்லை.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபொழுது இதன் விளைவு வெளிப்பட்டது. வேறு தொழில் கல்லாதவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தனர். 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இந்நெருக்கடிக்குத் தொழிலாளரின் சேமிப்பைக்கொண்டே விடைகாண முயன்றது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என விதித்தபொழுது, பல்லாண்டு இங்கே உழைத்த தமிழர் பலர் தமிழகத்திற்குத் திரும்ப நேர்ந்தது. நாம் பெறும் பாடம் இரண்டு. தற்காலிகமானவர் என்று ஒருவரைக் கருதி அவருக்குக் கல்வியை மறுத்தால் அவ்விழப்பு ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. கல்வியை முதலாளியின் செலவினமாக மட்டும் விட்டுவிட்டால், பள்ளி இருந்தும் கல்வி இல்லாத நிலையே எஞ்சும்.

சட்டங்கள் கூறுவதும் கூறாததும்

இடம்பெயர்ந்த தொழிலாளர், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் உரிமைகள் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை 1990ஆம் ஆண்டு ஏற்கப்பட்டு 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதன் 30ஆம் விதி, பெற்றோரின் குடிநுழைவு நிலை எதுவாயினும் பிள்ளைக்குக் கல்வி பெறும் அடிப்படை உரிமை உண்டு என்கிறது. 43ஆம் விதி, முறையான ஆவணமுடைய தொழிலாளருக்குக் கல்வி நிலையங்களையும் தொழிற்பயிற்சியையும் நாடுவதில் அந்நாட்டவரோடு சமநிலை வழங்குகிறது. இலங்கை, பிலிப்பைன்சு, இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய ஆளனுப்பும் நாடுகள் இதில் இணைந்துள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் இணையவில்லை. இந்தியாவும் இணையவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995ஆம் ஆண்டு இணைந்தது. எனினும், தொடக்கக் கல்வியை அனைவர்க்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் வழங்கக் கோரும் 28ஆம் விதியின் முதற்பகுதியைத் தன் விலக்குகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டது. 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கட்டாயத் தொடக்கக் கல்வி, மலேசியக் குடிமக்களாகிய பெற்றோரின் கடமையாகவே எழுதப்பட்டது. பெற்றோருள் ஒருவர் குடிமகனாயின் ஆவணம் நிறைவுறாத பிள்ளையையும் பள்ளியில் சேர்க்கும் நடைமுறை 2019ஆம் ஆண்டு முதல் எளிதாக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் அயலவராயின் அவ்வாயில் இல்லை. சபா மாநிலத் தோட்டங்களில் தன்னார்வக் கற்றல் மையங்களும், 2008ஆம் ஆண்டு கோத்தா கினபாலுவில் தொடங்கப்பெற்ற இந்தோனேசியப் பள்ளியும் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பிவருகின்றன.

பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 97ஆம் எண் உடன்படிக்கை 1964ஆம் ஆண்டு முதல் சபா மாநிலத்திற்குப் பொருந்துவதாக உள்ளது. அதன் 6ஆம் விதி, சட்டப்படி குடியேறிய தொழிலாளருக்குத் தொழில் பழகுநர் நிலையிலும் பயிற்சியிலும் பாகுபாடு கூடாது என்கிறது. தீபகற்ப மலேசியாவிற்கு அக்கடப்பாடு இல்லை. ஒரே நாட்டிற்குள் ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு இருவேறு அனைத்துலகக் கடப்பாடுகள் பொருந்தும் நிலை இதனால் ஏற்படுகிறது.

உள்நாட்டுப் பயிற்சி நிதியின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். 2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டு நிதிச் சட்டப்படி, மலேசியப் பணியாளர் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைக் கொண்ட நிறுவனங்கள் அவர்தம் ஊதியத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி வரியாகச் செலுத்துகின்றன. ஐவர் முதல் ஒன்பதின்மர் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்தி இணையலாம். பணியாளர் எனும் சொல் இச்சட்டத்தில் குடிமக்களையே குறிக்கும். ஆகவே, மூன்று மலேசியரையும் எட்டு அயலவரையும் கொண்ட ஓர் உணவகம் பயிற்சி நிதியின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பயிற்சி மிகுதியும் தேவைப்படும் நிறுவனமே பயிற்சிக்கு உதவி பெற இயலாத நிறுவனமாகவும் அமைந்துவிடுகிறது.

சமையற்கூடம் ஒரு வகுப்பறை

நாட்டில் உணவகத் துறை ஒரு விதிவிலக்காக விளங்குகிறது. 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகளின்படி உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். குடற்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருத்தல் வேண்டும். குடிமகனா அயலவரா என்னும் வேறுபாடு இங்கில்லை. அரசு இவ்விதியைத் தொழிலாளியின் உரிமையாகக் கருதி இயற்றவில்லை. உண்பவரின் உடல்நலத்தைக் கருதியே இயற்றியது. ஆயினும், அந்நியத் தொழிலாளியை மாணவராக ஏற்றுக்கொண்ட சட்டங்களுள் இஃதும் ஒன்று. பொதுநலனுக்குத் தேவை என்றால் அவருக்குக் கற்பிக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

இதனை இன்னும் சற்று விரித்துக் காண்போம். வாழையிலை உணவகம் ஒன்றில் புத்தாக்கம் என்பது எங்கே நிகழ்கிறது? பொரித்த எண்ணெயை எத்தனைமுறை பயன்படுத்தலாம், எப்பொழுது அதனைப் பிரித்து வைத்து உயிரி எரிபொருளுக்காகத் திரட்டுவோரிடம் விற்கலாம் என்பதை அடுப்பின்முன் நிற்பவர் முடிவு செய்கிறார். எவ்வளவு சோறு எஞ்சுகிறது, எந்தக் கறி வீணாகிறது என்பதை இலை எடுப்பவர் அறிவார். கழிவுநீர்க் குழாயில் கொழுப்பு அடைக்காமல் காப்பது பாத்திரம் கழுவுபவரின் கையில் உள்ளது. இவர்கள் பெரும்பாலும் தமிழகம், வங்காளதேசம், மியன்மார் முதலிய இடங்களிலிருந்து வந்தோர். உரிமையாளர் கருத்தரங்கு ஒன்றில் கேட்டு வந்த புதிய முறை, இவர்களுக்குக் காரணத்தோடு விளங்காதவரை அவருடைய குறிப்பேட்டிலேயே தங்கிவிடும். ‘இதைச் செய்’ என்னும் ஆணை, அவர் கடையில் உள்ள வரையில்தான் செல்லும். ‘இதனால் இதைச் செய்கிறோம்’ என்னும் விளக்கமே அவர் இல்லாதபொழுதும் நிற்கும்.

செலவு நெருக்கடியும் இத்திசையிலேயே உந்துகிறது. குறைந்தபட்ச ஊதியம் 2025ஆம் ஆண்டு 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. இஃது அந்நியத் தொழிலாளருக்கும் உரியது. 2023ஆம் ஆண்டு முதல் வார வேலைநேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மலிவான உழைப்பை நீண்டநேரம் பெறுவதன் வழி இலாபம் ஈட்டும் முறை இனி நீடிக்க இயலாது. எஞ்சியுள்ள வழி, ஒரு மணிநேர உழைப்பின் பயனைக் கூட்டுவதே. அதற்குக் கல்வியன்றி வேறு வாயில் இல்லை.

கைத்தொழில்களின் மறுபக்கம்

முடிதிருத்தகம், பொற்கொல்லர் தொழில், துணிக்கடை ஆகிய மூன்று துறைகளிலும் அயலவரை வேலைக்கமர்த்துவது 2009ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதன்பின் பல்லாண்டுக் காலம் இத்துறைகளின் சங்கங்கள் ஆள்பற்றாக்குறை குறித்து முறையிட்டு வந்தன. 2023ஆம் ஆண்டு அரசு இத்தடையைத் தளர்த்தி 7,500 பேரை அனுமதிப்பதாக அறிவித்தது. இந்நிகழ்வைப் பெரும்பாலும் ஆள் எண்ணிக்கைச் சிக்கலாகவே நம்மவர் பார்த்தனர். அதனைக் கல்விச் சிக்கலாகவும் பார்த்தல் வேண்டும்.

பொற்கொல்லர் தொழிலும் முடிதிருத்தும் தொழிலும் ஏட்டில் எழுதப்பெறாத அறிவை உடையவை. கையால் கண்டு கையால் பழகும் அவ்வறிவு, ஆள் நீங்கும்பொழுது உடன் நீங்கிவிடும். தமிழகத்திலிருந்து வந்த கைவினைஞர் இங்கு இருந்த காலத்தில், அவரிடமிருந்து உள்நாட்டு இளைஞர் முறையாகக் கற்பதற்கான ஏற்பாடு பரவலாக அமையவில்லை. அவர் வேலை செய்பவராக மட்டும் கருதப்பட்டார். கற்பிக்கக் கூடியவராகக் கருதப்படவில்லை. ஆகவே, அனுமதி நின்றபொழுது ஆளோடு தொழிலறிவும் நின்றது. கல்வி உரிமை என்பது அயலவருக்கு நாம் வழங்கும் கொடை என்று எண்ணுவது பிழை. அது இருவழிப் பாதை. அவர் நம்மிடம் மொழியையும் சட்டத்தையும் கற்கிறார். நாம் அவரிடம் தொழிலைக் கற்கலாம். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் திறன் சான்றிதழுக்கான சட்டகத்தைத் தந்துள்ளது. அதனுள் அயலகக் கைவினைஞரைப் பயிற்றுநராக ஏற்கும் வழியை ஆராய்வது பயன் தரும்.

சிங்கப்பூர் ஒப்பீடு

அண்டை நாடான சிங்கப்பூரின் முறை ஒப்புநோக்கத் தக்கது. அங்குக் கட்டுமானத் துறையில் 2024ஆம் ஆண்டு முதல் அடிப்படைத் திறன் கொண்ட அயலகத் தொழிலாளிக்கு மாதம் 900 வெள்ளியும், உயர்திறன் கொண்டவருக்கு 500 வெள்ளியும் முதலாளி லெவியாகச் செலுத்துகிறார். ஒருவர் திறன்நிலையில் உயர்ந்தால் முதலாளிக்கு ஆண்டொன்றுக்கு 4,800 வெள்ளி மிச்சமாகிறது. ஆகவே, கல்வி புகட்டுவது அறச்செயலாக மட்டுமன்றி ஆதாயச் செயலாகவும் அமைகிறது. மேலும், 2018ஆம் ஆண்டு அக்டோபர் முதல், புதிதாக வரும் கட்டுமானத் தொழிலாளர் தம் தாய்மொழியிலேயே உரிமைகளையும் கடமைகளையும் அறிந்துகொள்ளும் அறிமுகப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. அப்பயிற்சி மொழிகளுள் தமிழும் ஒன்று.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் திருத்தப்படி தீபகற்பத்தில் சேவை, உற்பத்தி, கட்டுமானத் துறைகளுக்கு ஆண்டு லெவி 1,850 ரிங்கிட் என விதிக்கப்பட்டது. தோட்டத் துறைக்கு 640 ரிங்கிட். இங்கு லெவி துறையைப் பொறுத்து மாறுகிறதேயன்றித் தொழிலாளியின் திறனைப் பொறுத்து மாறவில்லை. பத்தாண்டு பழகிய சமையற்காரருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே தொகை. கற்பிப்பவருக்கு ஊக்கம் இல்லை. கற்பவருக்கு உயர்வும் இல்லை. ஆயினும், சிங்கப்பூரின் முறையைக் குறையற்றது எனக் கொள்வதற்கில்லை. குறைந்த ஊதிய அனுமதியில் உள்ளோர் குடும்பத்தை உடன் அழைத்துவர இயலாது. பிள்ளைகளின் கல்வி உரிமை என்னும் வினா அங்கு விடைபெறவில்லை. எழாமல் தடுக்கப்பட்டுள்ளது என்பதே உண்மை.

எழக்கூடிய தடைகள்

‘கற்றுக்கொடுத்தால் வேறிடம் சென்றுவிடுவான்’ என்பது முதலாளிகள் கூறும் முதல் தடை. பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் இச்சிக்கலை ஆராய்ந்துள்ளார். எங்கும் பயன்படும் பொதுத்திறனுக்கு முதலாளி செலவிடத் தயங்குவார் என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. ஆனால், நம் நாட்டில் அந்நியத் தொழிலாளியின் அனுமதி குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு பிணைக்கப்பட்டுள்ளது. அவர் எளிதில் வேறிடம் செல்ல இயலாது. ஆகவே, இத்தடை உள்நாட்டவரைக் காட்டிலும் அயலவர்க்குக் குறைவாகவே பொருந்தும். அப்பிணைப்பு நியாயமானதா என்பது வேறு வினா. அதனால் பயனடையும் முதலாளி அதனையே காரணம் காட்டாமல் கற்பிக்கக் கடமைப்பட்டவர் என்பதே நம் கருத்து.

‘நம் பிள்ளைகளுக்கே வசதி போதவில்லை’ என்பது மற்றொரு தடை. இது புறக்கணிக்கத்தக்க கூற்றன்று. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நிலையை அறிந்தவர் இதனை எளிதில் மறுக்கமாட்டார். ஆயினும், நாம் கோருவது பள்ளிகளின் நிதியைப் பகிர்ந்துகொள்வதை அன்று. ஆண்டுதோறும் முதலாளிகள் செலுத்தும் லெவித் தொகை தனியே உள்ளது. அதில் ஒரு சிறுபகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் எந்த மாணவரின் பங்கும் குறையாது.

செயற்படுத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு கருத்துகளை முன்மொழியலாம். முதலாவதாக, கற்றல் நேரம் வேலைநேரத்திற்குள் அமைதல் வேண்டும். பத்து மணிநேரம் நின்று உழைத்தவரை இரவில் வகுப்பிற்கு அழைப்பது உரிமையை வழங்குவதாகாது. வாரத்திற்கு ஒரு மணிநேரமே ஆயினும் அது ஊதியத்தோடு அமைதல் நலம். இரண்டாவதாக, பயிற்சி நிதியின் வரையறையில் லெவி செலுத்தப்பெறும் தொழிலாளரையும் சேர்த்தல் வேண்டும். மூன்றாவதாக, திறன் உயர்வுக்கேற்ப லெவி குறையும் முறையை உணவகத் துறையில் முதலில் சோதித்துப் பார்க்கலாம். நான்காவதாக, பெற்ற திறனுக்குத் தொழிலாளி தம் நாட்டிற்கும் எடுத்துச் செல்லத்தக்க சான்று வழங்கப்பெறுதல் வேண்டும். 2018ஆம் ஆண்டின் உலகளாவிய இடப்பெயர்வு ஒப்பந்தத்தின் 18ஆம் நோக்கமும் திறன் மேம்பாட்டையும் சான்றுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதையுமே வலியுறுத்துகிறது.

இவற்றுள் தமிழாசிரியர்க்குரிய பங்கும் உண்டு. தமிழகத் தொழிலாளர் பலர் தமிழை எழுதப் படிக்க அறிந்தவர். மலாய் மொழி அறியாதவர். வேலை ஒப்பந்தம், ஊதியச் சீட்டு, மருந்துக் குறிப்பு, பாதுகாப்பு அறிவிப்பு ஆகியவற்றைத் தமிழ் வழியாக மலாய் மொழியில் படிக்கக் கற்பிக்கும் சிறுநூல் ஒன்று பேருதவியாக அமையும். இருமொழி அறிந்த நம் ஆசிரியர்களைவிட அதனை எழுதத் தக்கவர் எவர்? பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர் தம் களப்பணியின் ஒரு பகுதியாக உணவகங்களிலும் கடைகளிலும் புழங்கும் சொற்களைத் தொகுத்தால், அது மொழியாய்வாகவும் அமையும். சமூகப் பணியாகவும் அமையும்.

முடிவுரை

சிறுதொழிலின் புத்தாக்கம் இயந்திரத்தில் தொடங்கி இயந்திரத்தில் முடிவதன்று. அதனை இயக்குபவரின் அறிவில்தான் அது நிலைக்கிறது. அவ்வறிவை வளர்க்காமல் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும் தொழில், ஒவ்வோர் அனுமதி முடியும்பொழுதும் தொடக்கத்திற்கே திரும்புகிறது. அந்நியத் தொழிலாளரின் கல்வி உரிமை அவர்தம் நலனுக்கு உரியது என்பதோடு, நம் சிறுதொழில்கள் அடுத்த தலைமுறையைக் காணுமா என்னும் வினாவோடும் பிணைந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. அப்பத்துப் பிள்ளைகளின் வழித்தோன்றல்கள் பலர் இன்று கடைகளின் உரிமையாளராகவும் பள்ளிகளின் ஆசிரியராகவும் இருக்கின்றனர். அன்று குறையாக வழங்கப்பெற்ற கல்வியின் விலையை நம் சமூகம் அறியும். அதே குறையை வேறொரு சமூகத்திற்கு நாமே வழங்காதிருத்தல் அவ்வறிவின் பயனாகும்.